எண்ணும் இசையும்

நுழையும்முன்
செவி அறிந்ததை எந்திரத்துக்குச் சொல்ல வேண்டுமானால் அதை எண்களாக மாற்றியாக வேண்டும். எல்லா அறிவும் எண்ணுக்குள் அடங்கிவிடுமா? 1980களில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்கப்பட்ட சிறு கணினியில் இசையமைக்க முயன்ற ஒருவரின் பட்டறிவு இவ்வினாவை எழுப்புகிறது. பாலாற்றங்கரையின் தறியொலியும் நாகசுர ஒலியும் கணினி ஒலியும் சந்திக்கும் இடத்தை இக்கட்டுரை காட்டுகிறது.

தறியில் கண்ட நிரல்

காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, பாலாற்றின் வடகரையில் இருக்கிறது வாலாஜாபாத். அதன் அருகிலுள்ள ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களில் என் இளமைக்காலத்தில் விடியற்காலையில் முதலில் எழும் ஒலி தறியின் ஒலிதான். மிதியை மிதிக்கும் ஒலி, நாடா ஓடும் ஒலி, ஊடையை நெருக்கி அடிக்கும் ஒலி என மூன்றும் மாறி மாறி வரும். தாளம் என்னும் சொல்லை அறியும் முன்பே தாளத்தை நான் அறிந்தது அந்த ஒலியில்தான்.

என் தந்தையார் பட்டுத்தறி நெய்தவர். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு அதிலிருந்து மாலைபோல் தொங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் இழை அசையாது கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்று அட்டைகள் சுழன்று வர, சேலையின் கரையில் மாங்காயும் அன்னமும் மெல்ல உருப்பெறும். அட்டையில் பூ இல்லை. பூவை எப்படிச் செய்வது என்னும் கட்டளைதான் இருக்கிறது. இந்த வேறுபாடு அன்று எனக்கு வியப்பாக இருந்தது. பின்னாளில் கணினியைப் புரிந்துகொள்ள இதுவே துணையாயிற்று.

செய்ய வேண்டியதை ஐயத்துக்கு இடமின்றி வரிசைப்படுத்தி எழுதிவைப்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. பாலாற்றுக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூரில், குடவோலை முறையை முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். யார் தகுதியுடையவர், ஓலையை எப்படி எழுதுவது, குடத்திலிருந்து அதை யார் எடுப்பது என ஒவ்வொரு படியும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்டினாலும் அட்டையில் துளையிட்டாலும் கணினியில் தட்டினாலும் நிரலின் இயல்பு ஒன்றே.

பிரான்சு நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஜக்கார்டு தறியே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜுக்குத் துளையட்டையால் இயங்கும் கணிப்பொறியைக் கற்பனை செய்ய வழிகாட்டியது. அந்தப் பொறியைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், சுரங்களுக்கு இடையிலான உறவுகளை முறையாக வகுத்துச் சொல்ல முடிந்தால் அது இசையையும் அமைக்கலாம் என்று எழுதினார். அவர் கருதியது நடைமுறைக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் ஒரு கணினியைக் கொண்டு 17 நொடி நீளமுள்ள இசையை உருவாக்கினார். அந்தக் கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்தது.

மூன்று குரல் பெட்டி

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்குள் கணினி மேசைமேல் வந்து அமர்ந்தது. 1984ஆம் ஆண்டு நடுவணரசு, பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்பும் நோக்கில் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த 'பிபிசி மைக்ரோ' கணினிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு அத்திட்டத்தின் வழியே வழங்கப்பட்டன. எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றுக்கும் அவை வந்தன. நான் அப்போது உங்களைப் போலப் பதினோராம் வகுப்பு மாணவன்.

அந்தக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஒரு சிறு ஒளிப்படம்கூட அதில் அடங்காது. நிரல்களைச் சேமிக்க ஒலிநாடாவைத்தான் பயன்படுத்தினோம். திரைப்பாடல் கேட்ட அதே ஒலிநாடாவில், கீச்சென்ற இரு வகை ஒலிகளாக நிரல் பதிவாகும். அந்தக் கீச்சொலியே கணினிக்குச் சுழியும் ஒன்றும்.

ஆனால், அந்தப் பெட்டிக்குள் பாடத் தெரிந்த ஒரு சில்லு இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று சுரங்களையும் ஓர் இரைச்சலையும் அது எழுப்பும். இரைச்சலை நறுக்கி நறுக்கி ஒலித்தால் தாளக்கருவி போலிருக்கும். ஆக, மூன்று குரல்களும் ஒரு தாளமும் கிடைத்தன. அதே காலத்தில் புழங்கிய கமடோர் 64 கணினிக்கும் மூன்று குரல்களே. ஸ்பெக்ட்ரம் கணினியின் தொடக்க வகைக்கு ஒரே ஒரு குரல்தான். உலகெங்கும் இளைஞர்கள் இந்தச் சிறு குரல்களைக் கொண்டே இசை அமைத்தார்கள். ஒரே குரலில் மூன்று சுரங்களை மிக விரைவாக மாற்றி மாற்றி ஒலித்து, மூன்றும் ஒன்றாக ஒலிப்பதுபோல் செவியை ஏமாற்றும் உத்தியை அவர்கள் கையாண்டார்கள். வறுமை கற்றுத்தந்த வித்தை அது.

ஏன் கணினியில் பாட்டைப் பதிந்து வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 1982இல் அறிமுகமான குறுந்தகட்டில் ஒலி ஒவ்வொரு நொடியும் 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாகப் பதிவாகிறது. இருபுற ஒலிக்கு அந்த ஒரு நொடி 1,76,400 பைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் கணினியின் நினைவகம் முழுவதையும் காலி செய்தாலும் ஐந்தில் ஒரு நொடி இசையைக்கூட அதில் வைக்க இயலாது. எனவே, ஒலியைச் சேமிக்கும் வழி அடைபட்டிருந்தது. ஒலியை எப்படிச் செய்வது என்னும் கட்டளையை எழுதும் வழி மட்டுமே திறந்திருந்தது. ஒரு வரிக் கட்டளை ஒரு சுரம்; சில நூறு பைட்டுகளில் ஒரு முழுப் பாட்டு. நான் தாளில் எழுதி வைத்திருந்த நிரலைப் பார்த்த என் தந்தையார், "இதுவும் அட்டைதானா?" என்று கேட்டார். அதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் எனக்குக் கணினியை விளக்கியதில்லை.

நாற்பத்தெட்டுப் படிகள்

பிபிசி மைக்ரோவில் சுரத்தின் உயரத்தை ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். நடுத்தாயிச் சட்சமத்தை 53 என்று வைத்துக்கொண்டேன். ஓர் அரைச்சுரம் ஏற நான்கு எண்கள் கூட வேண்டும். இசை கற்பவர் முதலில் பயிலும் மாயாமாளவகௌளையை இப்படி எழுதலாம்: 53, 57, 69, 73, 81, 85, 97, 101. தட்டச்சு செய்து விசையை அழுத்தியதும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகிலிருந்து ஸரிகமபதநிஸ ஏறுவரிசை ஒலித்தது. வகுப்பறை ஒரு கணம் அமைதியாயிற்று.

அந்த எண்களில் ஒரு நுட்பம் ஒளிந்திருந்தது. ஆர்மோனியத்தில் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள்தாம். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே சுரம் சறுக்கிச் செல்ல வழியில்லை. நம் இசையின் கமகத்துக்கு அது ஒத்துவராது என்பதால், அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்தது. ஆனால், எங்கள் பள்ளிக் கணினியில் ஒரு தாயிக்கு நாற்பத்தெட்டுப் படிகள் இருந்தன. கட்டைகளுக்கு நடுவிலும் நிற்க இடமிருந்தது.

எங்கள் தெருவின் கோடியில் முதிய நாகசுரக் கலைஞர் ஒருவர் குடியிருந்தார். சிறுவர்களாகிய எங்களுக்கு அவர் வித்வான் தாத்தா. மாயாமாளவகௌளையை ஒலிநாடாவில் பதிந்து கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கண்களை மூடிக் கேட்டார். "சொரமெல்லாம் சரியா நிக்குது, தம்பி. ராகம் இன்னும் வரலியே" என்றார்.

பிறகு அவரே வழியும் காட்டினார். தோடி இராகத்தின் காந்தாரத்தைப் பாடிக்காட்டினார். நாகசுரச் சக்கரவர்த்தி எனப் புகழப்பட்ட திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு இணைந்து நிற்கும் இராகம் தோடி. அதன் காந்தாரத்துக்கு என் கணக்கில் எண் 65. ஆனால், 65 என்று எழுதி ஒலித்தால் அது தோடி ஆகாது. தாத்தா பாடிய காந்தாரம் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. கீழே ரிஷபத்தைத் தொட்டு, மேலே மத்திமத்தைத் தொட்டு, ஊஞ்சல்போல் அசைந்தது. எண்களில் சொன்னால் 57க்கும் 73க்கும் இடையே ஓர் ஓட்டம். அந்த அசைவின் பெயர்தான் காந்தாரம். நடுவிலிருக்கும் 65 அது கடந்து செல்லும் வாசற்படி.

கணினியில் 'என்வலப்' என்றொரு கட்டளை உண்டு. பதினான்கு எண்களைக் கேட்கும். அவற்றுள் சில, ஒலி எப்படிப் பெருகி எப்படித் தேய வேண்டும் என்பதைச் சொல்லும்; சில, சுரம் எப்படி அசைய வேண்டும் என்பதைச் சொல்லும். எட்டுப் படி ஏறு, பதினாறு படி இறங்கு, மீண்டும் எட்டுப் படி ஏறு, ஒவ்வொரு படிக்கும் நொடியில் நூறில் ஒரு பங்கு என்று எழுதினேன். நொடிக்கு மூன்று முறை காந்தாரம் அசைந்தது. மகிழ்ச்சியோடு மீண்டும் தாத்தாவிடம் சென்றேன். அவர் சிரித்தார். "ஒரே மாதிரி அசைஞ்சா அது கமகம் இல்லே, நடுக்கம்" என்றார்.

அடுத்த சில மாதங்கள் மாலைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் கழிந்தன. அவர் பாடுவார், நான் குறிப்பேட்டில் எழுதுவேன். மேலே செல்லும்போது காந்தாரம் எத்தனை முறை அசைகிறது, கீழே இறங்கும்போது எந்த இடத்தில் தொடங்குகிறது, நின்று நீளும்போது அசைவின் வேகம் எப்படி மாறுகிறது என்று கேட்டுக் கேட்டு எண்களாக்கினேன். ஒரு காந்தாரத்துக்கு ஐந்தாறு வகைக் கட்டளைகள் தேவைப்பட்டன. அவர் வீட்டைக் கடந்துதான் நான் நாள்தோறும் பள்ளிக்குச் சென்றிருக்கிறேன். அவர் வாசிப்பைப் பலமுறை கேட்டும் இருக்கிறேன். ஆனால், எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகே என் செவி விழித்தது.

அசைவில் பிறந்த குரல்

சுரத்தின் அசைவு உலகின் வேறொரு மூலையிலும் ஒரு புதுமைக்கு வித்திட்டது. 1967இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்னும் இசையறிஞர் கணினியில் ஒரு சுரத்தை அசைத்துப் பார்த்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் அசைவு செவிக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கு மாறாக, ஒலியின் நிறமே மாறி மணியோசை போலவும் குழலோசை போலவும் புதிய குரல்கள் எழுந்தன. மெதுவாக அசைத்தால் நாம் கமகம் என்போம்; நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அசைத்தால் ஒரு புதிய கருவியே பிறக்கிறது. இதுவே அதிர்வெண் பண்பேற்ற ஒலித்தொகுப்பு முறை.

ஜப்பானின் யமஹா நிறுவனம் இம்முறைக்கான உரிமையைப் பெற்று, 1983இல் 'டிஎக்ஸ்7' என்னும் ஒலித்தொகுப்பியை வெளியிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் 'மிடி' என்னும் பொதுமொழியும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மிடியில் ஒலி பயணம் செய்வதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்னும் கட்டளைகளே பயணம் செய்கின்றன. மீண்டும் அந்தத் துளையட்டைதான்.

யமஹா தன் ஒலிச்சில்லை ஒரு வீட்டுக் கணினிக்குள்ளும் பொருத்தியது. 'சிஎக்ஸ்5எம்' என்பது அதன் பெயர். எட்டுக் குரல்கள் கொண்ட அந்தக் கணினியில் சுரங்களைத் திரையில் எழுதி ஒலிக்கச் செய்யலாம். 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' திரைப்படத்தின் இசையில் இளையராஜா இக்கணினியைப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் அந்த இசை ஒலித்தபோது, அதற்குள் ஒரு வீட்டுக் கணினி இருந்தது என்பதைக் கேட்டவர் பலர் அறிந்திருக்கவில்லை. இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்த திலீப் என்னும் இளைஞர், 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 1992இல் 'ரோஜா' வழியாக ஏ. ஆர். ரகுமானாக அவரை நாடு அறிந்தது.

கருநாடக இசைக்காகவே கணினியைப் பழக்கியவர்களும் உண்டு. எம். சுப்பிரமணியன் என்னும் ஆய்வாளர் உருவாக்கிய 'காயகா' மென்பொருளில் சுரக்குறிப்பைத் தட்டச்சு செய்தால் கணினி அதை வாசித்துக் காட்டும். கமகங்களைக் குறிக்க அவர் தனியே குறியீடுகளை வகுத்தார். எழுதப்பட்ட சுரத்துக்கும் பாடப்படும் சுரத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை இத்தகைய முயற்சிகள் நமக்குக் காட்டுகின்றன.

ஒத்தும் பெட்டியும்

இதுவரை சொன்னது எந்திரம் தந்தது. அது எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

நாகசுரக் குழுவில் ஒத்து என்னும் கருவி உண்டு. அதை ஊதுபவர் சுரம் மாற்றுவதில்லை. மூச்சு அறாமல் சுருதியை மட்டும் நிறுத்திக்கொண்டே இருப்பார். 'ஒத்து ஊதுதல்' என்னும் வழக்கு அதிலிருந்து வந்ததே. 1970களின் இறுதி முதல் மின்னணுத் தம்பூராவும் சுருதிப்பெட்டியும் சந்தைக்கு வந்தன. வித்வான் தாத்தாவின் குழுவிலும் ஒரு நாள் சுருதிப்பெட்டி இடம்பெற்றது. முப்பது ஆண்டுகள் அவரோடு ஒத்து ஊதியவருக்கு அதன்பின் அழைப்பு வரவில்லை. அவர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். சில ஆண்டுகளில், தாத்தா மாலைதோறும் வாசித்துவந்த கோயிலுக்கும் மின்விசையால் முரசும் மணியும் அடிக்கும் பொறி ஒன்று நன்கொடையாக வந்து சேர்ந்தது. பொத்தானை அழுத்தினால் பூசை நேரத்து மங்கல ஒலி தானே எழும்.

நான் எண்களால் ஆக்கிக்கொண்டிருந்த தோடி, அந்தப் பொறியின் தம்பியா? இந்த வினா என்னை உறங்கவிடவில்லை. தாத்தாவிடமே கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். "ஒங்கப்பா தறியில அட்டை வர்றதுக்கு முன்னால என்ன இருந்தது, கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். அட்டை வருவதற்கு முன்பு அடை என்னும் முறை இருந்தது. கரையின் பூவுக்கு வேண்டிய இழைகளை ஒவ்வோர் ஊடைக்கும் கையால் தூக்கிப் பிடிக்க ஒருவர் தறியருகே அமர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை சிறுவர்களுக்கே வாய்க்கும். என் தந்தையார் பள்ளிக்குப் போகாமல் செய்த வேலை அது. துளையட்டை வந்ததால்தான் நான் தறியருகே அமராமல் பள்ளிக்குப் போனேன். அங்கே கணினியைக் கண்டேன். ஓர் எந்திரம் சிறுவன் ஒருவனின் கையை விடுவித்தது. இன்னோர் எந்திரம் கலைஞர் ஒருவரின் கையை வெறுமையாக்கியது. இரண்டும் கட்டளையால் இயங்குபவைதாம். எனவே, எந்திரம் நல்லதா தீயதா என்னும் வினாவைவிட, இது யாருடைய கையை விடுவிக்கிறது, யாருடைய கையை வெறுமையாக்குகிறது என்னும் வினாவே பயன்தரும் என்று அன்று உணர்ந்தேன். வெறுமையான கைக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது அதைத் தொடர்ந்து வரவேண்டிய வினா.

கோர்வை என்னும் சொல்லைத் தாத்தாவும் பயன்படுத்துவார். என் தந்தையாரும் பயன்படுத்துவார். தாளம் முடியும் இடத்தில் சொற்கட்டுகளை அழகாகக் கோத்து முடிப்பது இசையின் கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயிருக்க, இரண்டையும் இழைக்கு இழை பிணைத்து நெய்வது தறியின் கோர்வை. கைத்தறியில் கோர்வை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் அனுப்பும் நாடாவை மறுமுனையில் இன்னொருவர் வாங்க வேண்டும். அட்டை வந்த பின்னும் அந்த இரண்டாம் கையின் தேவை மறையவில்லை. என் தோடி நிரலும் அப்படி இரு கைகளால் நெய்யப்பட்டதே. எண்களை எழுதியது நான். எந்த எண் என்று சொன்னது தாத்தாவின் குரல்.

எண்ணிப் பாருங்கள்

இன்று உங்கள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான குரல்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் இசைச் செயலிகள் இருக்கின்றன. விரும்பிய சொற்களைத் தட்டினால் பாட்டையே இயற்றித்தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நீங்கியபோது, கேட்டாக வேண்டும் என்னும் கட்டாயமும் சேர்ந்தே நீங்கிவிட்டது. அந்தக் கட்டாயத்தை இனி நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.

பிபிசி மைக்ரோவைப் போலவே செயற்படும் மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. என் பழைய குறிப்பேட்டின் எண்களை அவற்றில் தட்டினால் இன்றும் அந்தத் தோடி ஒலிக்கிறது. வித்வான் தாத்தாவின் வாசிப்பு எந்த ஒலிநாடாவிலும் இல்லை. அவர் காந்தாரம் எப்படி அசைந்தது என்பதற்கான சான்று அந்த எண்கள் மட்டுமே. அவை அவருடைய இசை ஆகமாட்டா. அவர் இசையின் முன் ஒரு மாணவன் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தான் என்பதற்கான கணக்கு அது.

உங்கள் ஊரிலும் ஒரு நாகசுரக் கலைஞரோ பறையிசைக் கலைஞரோ தாலாட்டுப் பாடும் பாட்டியோ இருப்பார். அவரிடம் சென்று ஒரே ஒரு சுரத்தை, ஒரே ஓர் அடவை, ஒரே ஓர் இழுப்பை மட்டும் கேளுங்கள். அது எங்கே தொடங்குகிறது, எத்தனை முறை அசைகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கணினியில் எழுத முயலுங்கள். எழுத முடிந்தது உங்கள் அறிவைக் கூட்டும்; எழுத முடியாதது உங்கள் மதிப்பைக் கூட்டும்.

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் பொருள். சிந்தித்தல் என்றும் பொருள். முதல் பொருளில் எண்ணும் வேலையைக் கணினி நம்மைவிட விரைவாகச் செய்யும். இரண்டாம் பொருளில் எண்ணும் வேலை இன்னும் நம்மிடமே இருக்கிறது.